எல்லோரும் வெளிநடப்புச் செய்த நாளில் உட்கார்ந்திருந்தவர்

சட்டமன்ற உறுப்பினரிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் கைக்கு ஒரு லெட்டர்பேடும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் வரும். இரண்டையும் பூட்டி வைக்கச் சொல்லி எல்லோரும் எச்சரிப்பார்கள். உங்கள் பேனாவைப் பற்றி மட்டும் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். இன்னொருவர் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைகளை எழுதுகிற பேனா அது. என் பேனா ஒருமுறை, திருப்பூர் வட்டாரத்து வீடுகளுக்குக் கக்கூஸே வேண்டாம் என்று சட்டம் போடப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன். அதனால் அரசியலுக்கு வந்த பிறகும் எல்லோருக்கும் 'வாத்தியார்'தான். நான்கு எம்.எல்.ஏ.க்களிடம் வேலை பார்த்தேன். மூன்று பேருக்கு என்னால் பயன் இருந்தது. ஒருவரால்தான் எனக்குப் பயன் இருந்தது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோதே போஸ்டரில் பெயர் போடுவதை விரும்பாதவர். உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதிகம் பேச மாட்டார். பேசினால் வாக்கியத்தின் முடிவில் ஒரு 'ங்க' இருக்கும். எதிரிக்கும் உண்டு, எருமைக்கும் உண்டு.

எங்கள் இருவரையும் எம்.எல்.ஏ. விடுதியில் பழமைவாதிகள் என்பார்கள். நாங்கள் மறுத்ததில்லை. புதிதாக ஒரு சட்டம் வருகிறது என்றால் மற்றவர்கள் கைதட்டத் தயாராவார்கள். நாங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வோம். ஏற்கெனவே இருக்கிற சட்டத்தை யாராவது நடத்திப் பார்த்தார்களா என்பது அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் வந்ததே இல்லை என்பதால் இரண்டாவது கேள்வி என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் எதிர்க்கட்சி. அந்தக் காலத்துக் கூட்டத்தொடர் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். முதல் நாள் இரங்கல் தீர்மானம், அவை ஒத்திவைப்பு. மறுநாள் கேள்வி நேரம். "என் தொகுதியில் இந்தச் சாலை போடப்படுமா?" என்று ஒருவர் கேட்பார். அமைச்சர் எழுந்து தன் தலைவரை மழையோடும் கடலோடும் பெற்ற தாயோடும் ஒப்பிட்டுவிட்டு, "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லி உட்காருவார். எங்கள் ஆட்கள் எழுந்து அதே மழையையும் கடலையும் எங்கள் தலைவருக்குக் கேட்பார்கள். அது அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படும். நீக்கியதைக் கண்டித்து வெளிநடப்பு. வெளியே வந்தால் கேமரா, அதைத் தாண்டினால் கேன்டீன், அங்கே சுடச்சுட வடை. இப்படியே ஓடி, கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எட்டு ஒன்பது மசோதாக்களை நிறைவேற்றுவார்கள். எங்கள் ஊரில் ஒரு சட்டைக்குக் காஜா அடிக்கிற நேரத்தில் அங்கே ஒரு சட்டம் பிறந்துவிடும்.

அப்படிப் பிறக்கக் காத்திருந்த ஒன்றுதான் வீட்டுத் தையல் மசோதா. அதன் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சில கான்ட்ராக்டர்கள் ஓட்டு வீடுகளில் பத்துப் பதினைந்து தையல் மிசின்களை நெருக்கிப் போட்டு, ஜன்னல்கூட இல்லாமல் ஆட்களை வேலை வாங்கினார்கள். யாராவது கேட்டால், "இது ஃபேக்டரி இல்லீங்க, ஊடுங்க" என்பார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் சென்னையில் அதை எழுதிய அதிகாரி திருப்பூரைப் படத்தில் பார்த்தவர் போலிருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் தையல் இயந்திரம் ஒன்று இருந்தாலும் அந்த இடம் தொழிற்சாலை என்று எழுதிவிட்டார்.

பேப்பரில் செய்தி வந்த மறுநாள் காலையில் அனுப்பர்பாளையத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். செய்தியை வெட்டி, மடித்து, கையில் வைத்திருந்தார்.

"ஏனுங்க சார், எங்கூடு ஃபேக்டரியாமுங்களா?"

"உக்காருங்க அம்மிணி. எத்தனை மிசின் வெச்சிருக்கறீங்க?" என்றார் எம்.எல்.ஏ.

"ரெண்டுங்க. ஒண்ணுல நானு, ஒண்ணுல என்ற நாத்தனா. முன்னாடி ரூம்புல மிசினு, பின்னாடி ரூம்புல எங்கூட்டுக்காரரு படுத்திருக்காரு. பாத்திரப் பட்டறையில பாலீஷ் போட்டுப் போட்டு நெஞ்சு போயிருச்சுங்க அவருக்கு. ஃபேக்டரியில ஆருமே படுக்கக் கூடாதாமுங்க. அப்ப அவரை எங்கீங்க படுக்க வெக்கறது?"

நான் சிரித்துவிட்டேன். எம்.எல்.ஏ. சிரிக்கவில்லை. ஸ்டெல்லாவும் சிரிக்கவில்லை.

"ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு கக்கூஸ் கட்டோணுமாம். எங்க காம்பவுண்டுல நாலு குடித்தனத்துக்கும் சேத்தே ஒண்ணுதானுங்க. பொழுது எறங்குனா பொம்பளைங்க தைக்கக் கூடாதாம். சோறாக்கி, புள்ளைங்களைப் படிக்க வெச்சுட்டு, அதுக்குப் பொறவுதானுங்க நான் மிசின்லயே உக்காருவேன்."

"கம்பெனிக்கு வேலைக்கு வரலாமுங்களே அம்மிணி? நம்ம கம்பெனியிலயே டெய்லருக்கு ஆள் பத்தாமத்தான் இருக்குது."

அவர் கையிலிருந்த செய்தித் துண்டை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு மரியாதை குறையாமலேயே கேட்டார். "வரலாமுங்க. எங்கூட்டுக்காரருக்கு மூச்சு வாங்கறப்ப முதுகை நீவி உடறதுக்கு மணிக்கொருக்கா உங்க கம்பெனியில உடுவீங்களா?"

எம்.எல்.ஏ. எழுந்து வாசல் வரை போய் அந்த அம்மாவை அனுப்பிவைத்தார். திரும்பி வந்து பேப்பரை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி படித்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும் என்று அன்று நினைத்தேன். ஏனென்றால் கணக்கு எளிது. வீட்டில் தைக்கிறவர்களை மூடிவிட்டால் அவர்கள் வேறெங்கே போவார்கள்? இவரைப் போன்றவர்களின் கம்பெனி வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். திருப்பூரில் ஆள் கிடைக்காமல் ஒவ்வொரு முதலாளியும் தவித்த நேரம் அது. இந்த மசோதா அவருக்காகவே எழுதியது போல இருந்தது.

"வாத்தியாரே, அதுல ஒரு வார்த்தை சேக்கோணும்" என்றார் கடைசியில்.

"என்ன வார்த்தைங்க?"

"'நீங்கலாக.' சொந்த ஊட்டுல சொந்த சனம் மட்டும் தைக்கற எடம் நீங்கலாக. அரசாங்கம் வாசப்படி வரைக்கும் வரட்டுமுங்க. அதுக்கு மேல ஊட்டுக்காரங்க கூப்புட்டாத்தான் வரோணும்."

இங்கேதான் என் பேனா களத்தில் இறங்கியது. திருத்தம் ஒரு வரி. அதில் என் திறமையைக் காட்ட இடமில்லை. ஆகவே அந்த வரியை ஆதரித்து எம்.எல்.ஏ. பேச ஒரு பேச்சு எழுதினேன். பதினோரு பக்கம். குடும்பம் என்னும் கோயில், உழைப்பு என்னும் வேள்வி, தையல் ஊசி என்னும் செங்கோல் எல்லாம் அதில் இருந்தன. அடுப்பங்கரை வரை ஆட்சி வரலாமா என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தேன். அதைப் படித்து நானே அழுதேன்.

திருத்த நோட்டீஸைப் பதினோராவது பக்கம் முடிந்த பிறகு, கை வலியோடு, ஐந்து நிமிடத்தில் அடித்தேன். மசோதா அச்சாகும் முன்பே அதன் நகல் ஒன்று தலைமைச் செயலகத்தில் இருந்த ஒரு நண்பர் மூலம் என் கைக்கு வந்திருந்தது. அதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற உதவியாளர்கள் அச்சுப் பிரதிக்குக் காத்திருக்க, நான் நகலைப் பார்த்தே எழுதினேன். தொழிற்சாலை என்றால் எது என்று விளக்கும் பகுதி அந்த நகலில் நான்காம் பிரிவு. 'நான்காம் பிரிவின் இறுதியில், குடும்பத்தார் மட்டும் உழைக்கும் குடியிருப்பு வீடுகள் நீங்கலாக எனச் சேர்க்க வேண்டும்.' எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டார். பேரவைச் செயலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசி நாள். பார்வையாளர் மாடத்தில் எனக்கு இடம். நன்றியும் புகழும் நடந்துகொண்டிருந்தன. தூக்கம் வராமலிருக்க ஏதாவது படிக்கலாமே என்று, அன்று காலைதான் கையில் கிடைத்த அச்சு மசோதாவைப் பிரித்தேன். நகலில் தனித்தனியாக இருந்த தலைப்பு, எல்லை, அமலுக்கு வரும் நாள் மூன்றையும் அச்சில் ஒரே பிரிவாகச் சேர்த்திருந்தார்கள். அதனால் எண்கள் எல்லாம் இரண்டிரண்டு குறைந்திருந்தன. தொழிற்சாலை விளக்கம் இப்போது இரண்டாம் பிரிவு. அப்படியானால் நான்காம் பிரிவு?

'ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள் அமைக்கப்பட வேண்டும்.'

அதன் இறுதியில் என் வரியைச் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் வீடு தொழிற்சாலைதான். அவர் கணவர் அங்கே படுக்கக் கூடாதுதான். பொழுது இறங்கினால் தைக்கக் கூடாதுதான். ஆனால் கக்கூஸ் மட்டும் வேண்டியதில்லை. இதைத்தான் எங்கள் எம்.எல்.ஏ., குடும்பம் என்னும் கோயிலின் பெயரால், பதினோரு பக்கத்துக்கு முழங்கப்போகிறார். இதில் கொடுமை என்னவென்றால், மசோதாவைக் கொண்டுவந்த, எங்கள் திருத்தம் எதையும் ஏற்றறியாத அமைச்சர் இதை ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வார். மறுநாள் ஆளுங்கட்சிப் பத்திரிகையின் தலைப்பு என் கண் முன்னால் ஓடியது.

அதே நேரம் கீழே அவையில் வேறொரு நெருப்புப் பற்றியது. ஓர் அமைச்சர் பேச்சு வேகத்தில், "எதிர்க்கட்சி ஒரு கிழிந்த பனியன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்தார்கள். கிழிந்த என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று பாதிப்பேர், பனியன் என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று மீதிப்பேர். இரண்டையும் நீக்கினால் 'எதிர்க்கட்சி ஒரு' என்றுதான் மிஞ்சும், அதுவும் கேட்க நன்றாக இல்லை. எங்கள் கொறடா வரிசை வரிசையாகப் போய்க் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். மசோதாக்கள் ஆரம்பிக்கும்போது வெளிநடப்பு. முதலில் எழுந்து போக வேண்டியவர் எங்கள் எம்.எல்.ஏ. பனியன் ஊர்க்காரர் ஆயிற்றே, அவமானம் அவருக்குத்தானே கூடுதல்.

எனக்கு அப்போது வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆண்டவன் வழி விட்டான் என்று நினைத்தேன். அவர் வெளியே போய்விட்டால் திருத்தத்தை முன்மொழிய ஆள் இல்லை. தானாகவே விழுந்துவிடும். நான்காம் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று யாரும் பார்க்கப்போவதில்லை. என் தப்பு என்னோடு போகும். ஊரில் போய், கட்சிக் கட்டுப்பாடு, என்ன செய்வது என்று ஸ்டெல்லாவிடம் சொல்லலாம்.

துண்டுச் சீட்டை எடுத்து எழுதினேன். 'வெளிநடப்பில் கலந்துகொள்ளவும். திருத்தம் வேண்டாம்.' அவைக் காவலரைக் கூப்பிடக் கையையும் தூக்கிவிட்டேன். அப்போது கீழே பார்த்தேன். அவ்வளவு கூச்சலுக்கு நடுவில் அவர் என்னுடைய பதினோரு பக்கத்தை விரலால் வரி பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். பேச்சே பிடிக்காத மனிதர், நான் எழுதிய செங்கோலையும் வேள்வியையும் உதடு அசையப் பழகிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்காக.

சீட்டைக் கிழித்தேன். வேறொன்று எழுதினேன். 'எண் தவறு. நான்கு அல்ல, இரண்டு. நான்கு கழிப்பறை. அச்சுப் பிரதியை நான் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.'

காவலர் கொண்டுபோய்க் கொடுத்தார். எம்.எல்.ஏ. வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார். மேலே நிமிர்ந்து என்னைத் தேடுவார் என்று பயந்தேன். தேடவில்லை. சீட்டைச் சட்டைப்பையில் வைத்தார். பதினோரு பக்கத்தை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தார்.

பேரவைத் தலைவர் மசோதாக்களை எடுத்தார். எங்கள் ஆட்கள் முழக்கமிட்டுக்கொண்டே எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். கொறடா குனிந்து இவர் தோளைத் தொட்டார். இவர் ஏதோ சொன்னார். கொறடா மறுபடியும் தொட்டார், இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. இவர் நகரவில்லை. கதவு சாத்தியபோது எதிர்க்கட்சி வரிசையில் காலியான நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. கட்சிக் கட்டளையை மீறுவது சின்ன விஷயமில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மசோதா வந்தது. திருத்தத்தை முன்மொழிகிறாரா என்று கேட்டார் பேரவைத் தலைவர். இவர் எழுந்தார்.

"இல்லீங்க. நான் தப்பான நம்பரைப் போட்டுட்டனுங்க. ரெண்டாம் பிரிவுன்னு இருக்கோணும், நாலாம் பிரிவுன்னு குடுத்துட்டனுங்க. நாலு கக்கூஸுங்க."

அவை வெடித்துச் சிரித்தது. 'நான்' என்றார், கவனியுங்கள். உதவியாளர் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. நான் மாடத்தில் முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்போது எண்ணை மாற்ற விதியில் இடமில்லை என்றார் பேரவைத் தலைவர். "அது சரிங்க. அந்த ரெண்டாம் பிரிவு மேல சித்த நேரம் பேசிக்கட்டுங்களா?" என்று கேட்டார் இவர். பேரவைத் தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். எதிர்க்கட்சிக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் உறுப்பினருக்கே சொந்தம் என்றார். மறுபடி சிரிப்பு.

அவர் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"எனக்குப் பனியன் கம்பெனி இருக்குதுங்க. ஆள் பத்தறதில்லீங்க. இந்தச் சட்டம் வந்துச்சுன்னா ஊட்டுல தைக்கற பொம்பளைங்க நாளைக்கு என்ற கேட்டுல வந்து நிப்பாங்க. நான் கேக்காமயே எனக்கு இத்தனை நல்லது பண்றீங்க. எனக்கு இத்தனை நல்லதா இருக்கறதாலதானுங்க எனக்குச் சந்தேகம் வருது. ஊட்டுல சீக்காளிப் புருசனை வெச்சுக்கிட்டு ரெண்டு மிசின்ல பொழைக்கற பொம்பளைக்கு என்ற கம்பெனி தேவையில்லீங்க. உங்க ஆபீசும் தேவையில்லீங்க. அவங்களைக் கொஞ்சம் விட்டுருங்க. அவ்வளவுதானுங்க."

உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உறுப்பினரின் கருத்து விதிகள் வகுக்கும்போது பரிசீலிக்கப்படும் என்றார். பிறகு குரல் வாக்கெடுப்பு. ஏற்போர் ஆம் என்க. கூரை அதிர்ந்தது. மறுப்போர் இல்லை என்க.

"இல்லீங்க" என்றார் ஒருவர்.

மசோதா நிறைவேறியது.

அன்று மாலைச் செய்தியில் வெளிநடப்பைக் காட்டினார்கள். கேமரா கதவுக்கு வெளியேதான் இருக்கும், வெளியே வந்தவர்கள்தான் தெரிவார்கள். உள்ளே இருந்து வேலை செய்தவர் எந்த டி.வி.யிலும் இல்லை. திரும்பும் ரயிலில் நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அந்த ஊசி செங்கோல்ங்கற எடம் நல்லா இருந்துச்சுங்க வாத்தியாரே" என்றார். "அடுத்த தடவை ஒரு பக்கமா எழுதுங்க. பத்துப் பக்கம் எழுதற நேரத்துல அச்சைப் படிங்க."

சில மாதங்கள் கழித்து விதிகள் வந்தன. குடும்பத்தார் மட்டும் உழைக்கும் குடியிருப்பு வீடுகள் நீங்கலாக என்று அதில் இருந்தது. என் வரி, ஓர் எழுத்து மாறவில்லை, இந்த முறை சரியான இடத்தில். திருப்பூர் முழுக்கப் போஸ்டர் ஒட்டினார்கள். இல்லத்தரசிகளின் இன்னல் துடைத்த தாயுள்ளமே என்று அமைச்சரை வாழ்த்தி. எங்கள் அலுவலகச் சுவரிலேயே ஒன்று ஒட்டியிருந்தது. கிழிக்கப் போனேன். "இருக்கட்டும் விடுங்க, சுவத்துல சுண்ணாம்பு உதுந்த எடத்தை மறைச்சாப்புல இருக்குது" என்றார். ஸ்டெல்லா ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, கேக் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்.

கதையை இங்கே நிறுத்தினால் எனக்கு நல்லது. ஆனால் பழமைவாதி என்று சொல்லிக்கொண்டு மனிதர்களைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. விலக்குக் கொடுத்த சில மாதங்களில் திருப்பூரில் குடும்பங்கள் திடீரென்று பெருத்தன. மங்கலம் சாலையில் எங்கள் கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர் ஒருவர் கான்ட்ராக்ட் தையல் நடத்தினார். அவர் வீட்டில் பதினான்கு மிசின். தொழிலாளர் இன்ஸ்பெக்டர் போனபோது நானும் அங்கே வேறு வேலையாக இருந்தேன்.

"இவங்க யாருங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், முதல் மிசினில் இருந்த பெண்ணைக் காட்டி.

"மருமகளுங்க."

"இவங்க?"

"அவளும் மருமகதானுங்க."

"பதினாலு பேருமா? உங்களுக்கு எத்தனை பசங்க?"

"ஒரே பையனுங்க."

கடைசி மிசினில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் ஹிந்தியில் நூல்கண்டு கேட்டாள். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அது லவ் மேரேஜுங்க" என்றார் பொறுப்பாளர்.

வந்து எம்.எல்.ஏ.விடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அங்கே ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அந்த இன்ஸ்பெக்டர் ஸ்டெல்லா ஊட்டுக்குப் போகாம இவன் ஊட்டுக்குப் போகோணும்னுதானுங்க அந்த வார்த்தையே" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, கட்சிக்காரன் என்று பார்க்க வேண்டாம், உள்ளது உள்ளபடி எழுதுங்கள் என்றார். அந்த வீடு மூடப்பட்டது. பொறுப்பாளர் சென்னைக்கு வண்டி ஏறினார்.

அவர் போய் என்ன சொன்னாரோ, அந்த ஆட்சியின் கடைசிக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தபோது தலைமையிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. அன்று வெளிநடப்பில் கலந்துகொள்ளாதது ஏன், விளக்கம் தேவை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கட்சியில் விளக்கக் கடிதங்கள் அந்தப் பருவத்தில்தான் பூக்கும்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் விளக்கத்துக்குப் பதில் வரவில்லை. வேட்பாளர் பட்டியல்தான் வந்தது. அதில் இவர் பெயர் இல்லை. ஒரே பையனும் பதினான்கு மருமகள்களும் உள்ளவர் பெயர் இருந்தது. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்த விளக்கத்தை எழுதிய சனிக்கிழமை மத்தியானத்தைப் பற்றி.

கொறடாவே தொலைபேசியில் ஒரு வழி சொல்லியிருந்தார். நல்ல மனிதர், இவர் மேல் பிரியம் உள்ளவர். "மூட்டு வலி, நடந்து வெளிய வர முடியலைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க வாத்தியாரே. ஒரு டாக்டர் சர்டிபிகேட் வெச்சாப் போதும். சீட்டு உறுதி." எனக்கும் சரியாகத்தான் பட்டது. அறுபதைத் தாண்டிய மனிதருக்கு மூட்டு வலி என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? தெரிந்த டாக்டரிடம் சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டேன். கடிதத்தையும் அடித்தேன். அவர் சொன்னபடி ஒரே பக்கம். நீண்டகால மூட்டுத் தேய்மானம், திடீர்ப் பிடிப்பு, தலைமையின் மீது மாறாத விசுவாசம்.

அவர் படித்தார். நான் அச்சை மூன்று முறை சரிபார்த்திருந்தேன், அதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, அறைக்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய், திரும்பி வந்தார்.

"காலு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

"சீட்டுப் போயிருமுங்க" என்றேன். டாக்டர் சர்டிபிகேட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன். அவருக்காக மட்டுமில்லை. எனக்கும் அவரை விட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும். "நீங்க இல்லாட்டி அந்த எடத்துக்கு வர்றது ஆருன்னு தெரியுமுங்களா? தெரிஞ்சுமா?"

"தெரியுமுங்க."

என் பேனாவை வாங்கினார். மூட்டு வலியை அடித்தார். பிடிப்பை அடித்தார். விசுவாசத்தில் கொஞ்சம் தயங்கி, அதையும் அடித்தார். கீழே, பள்ளிக்கூடப் பையன் மாதிரி உருண்டையான எழுத்தில் ஒரு வரி எழுதினார்.

'அன்று சபையில் எனக்கு வேலை இருந்தது, அதனால் உட்கார்ந்திருந்தேன்.'

புதுத் தாளில் அதை அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, தானே நாவால் நனைத்து ஒட்டினார்.

"திங்கக்கிழமை சபை எத்தனை மணிக்குங்க வாத்தியாரே?"

"காலையில பத்து மணிக்குங்க."

"அப்ப நாளைக்கே ரயிலுக்குப் போயரலாமுங்க. அச்சான மசோதா எதாச்சும் வந்திருந்தா எடுத்து வெய்யுங்க, போற வழியில படிச்சுக்கலாம்."